ஜெர்ரி ஓர்பாக்: மேடையில் கதாநாயகன், டிவியில் வயசான போலீஸ். இது இறக்கம்தானா?

ராத்திரி ஷிப்ட் (ராயக்கோட்டை) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்தெட்டு. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. காலேஜில் நாடகம் போட்டதிலிருந்து நடிப்புப் பைத்தியம் விடவில்லை. சில குறும்படங்கள், ஒரு சீரியல் (அதில் நடித்த காசு இன்னும் வந்து சேரவில்லை, அது வேறு கதை) என்று தலைகாட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் எனக்குக் காக்கிச் சட்டைதான். முகவெட்டு அப்படியாம்.

இப்போது ஒரு வெப் சீரிஸில் ஏட்டு வேஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டராக வரும் ஹீரோ ஒரு கடைக்காரரை விசாரிப்பார். நான் நோட்டுப்புத்தகத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். மொத்தம் நாலு வரி வசனம். "இந்த வயசிலயும் ஏட்டுதானா? எப்பதான் எஸ்.ஐ. ஆகப் போறே?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பிரமோஷன் கேட்கிறார்கள் பாருங்கள்.

போலீஸ் வேஷத்தை நன்றாகச் செய்தவர்கள் யார் என்று தேடியபோதுதான் 'லா அண்ட் ஆர்டர்' என்ற பழைய அமெரிக்கத் தொடர் கிடைத்தது. அதில் லென்னி பிரிஸ்கோ என்ற துப்பறியும் போலீஸாக ஜெர்ரி ஓர்பாக் வருகிறார். தொங்கிய கன்னம், கண்ணுக்குக் கீழே பை, நீளமான கோட்டு. பார்த்தால் முப்பது வருஷம் ஸ்டேஷனிலேயே கிடந்த ஆள் மாதிரி இருக்கிறார். நிஜமாகவே போலீஸாக இருந்து ரிட்டையர் ஆகி நடிக்க வந்தவரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் படித்துப் பார்த்தால், மனிதர் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் பாடி ஆடிய கதாநாயகன்! 1969-இல் இசை நாடகத்துக்கான சிறந்த நடிகர் என்று, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதே வாங்கியிருக்கிறார். டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கார்ட்டூனில் விருந்துப் பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தித் தண்டும் இவர் குரல்தானாம். என் பெண் அந்தப் பாட்டை ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுவாள் என்று கணக்கே இல்லை. அந்தக் குரலும் இந்தப் போலீஸும் ஒரே ஆள் என்று சொன்னதற்கு அவள் நம்பவே இல்லை.

கேள்வி இதுதான். மேடையில் அவ்வளவு உயரத்தில் இருந்தவர் ஏன் டிவிக்கு வந்து, பிணத்தைப் பார்த்து ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போகும் போலீஸாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தார்? மார்க்கெட் போய்விட்டதா? இல்லை, வேறு காரணம் ஏதாவது உண்டா? நாடகம், கூத்து தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள், சொல்லுங்கள்.

---

டேம் தண்ணி (கிருஷ்ணகிரி):

ப்ரோ, ரொம்ப யோசிக்க ஒன்றும் இல்லை. காசு, அப்புறம் முட்டி. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டு ஷோ. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் அதைத் தாங்க முடியுமா? டிவியில் மாதம் பிறந்தால் சம்பளம், பாட்டும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். உங்கள் கம்பெனியில் நைட் ஷிப்டிலிருந்து ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினால் வேண்டாம் என்பீர்களா?

---

பென்னாகரத்தார் (பென்னாகரம்):

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதைவிட முக்கியம், எங்கள் பக்கத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றில் பங்குனி, சித்திரை மாதங்களில் பாரதக் கூத்தில் கட்டியக்காரன் (கதையை நடத்திக்கொண்டு போகும் கோமாளி) வேஷம் கட்டியவன். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம் என்று திரௌபதியம்மன் கோயில்களில் ஊர் ஊராகப் போயிருக்கிறோம். அதனால் நான் சொல்வது கட்டியக்காரன் கண்ணால் பார்த்ததாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளைப் பற்றி. ஓர்பாக் பிறந்தது 1935-இல், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். அப்பா ஓட்டல் நிர்வாகம் பார்த்தவர், முன்பு மேடையில் வேடிக்கை நிகழ்ச்சிகளிலும் நடித்தவர். அம்மா வானொலியில் பாடியவர், வாழ்த்து அட்டைகளுக்கு வரிகள் எழுதியவர். அந்த இரண்டும் பையனிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பள்ளிப் படிப்பு இல்லினாய்ஸ் மாநிலத்தில். கல்லூரியை முடிக்காமலேயே 1955-இல் நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார். அங்கே 'த்ரீபென்னி ஆப்பெரா' என்ற இசை நாடகம் சின்ன அரங்கு ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாற்று ஆளாகச் சேர்ந்தார். அதாவது, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த வேஷம் இவருக்கு. எங்கள் ஜமாவிலும் அப்படி ஒரு பையன் எப்போதும் இருப்பான். எல்லார் பாட்டும் அவனுக்குத் தெரியும், ஆனால் அவனுக்கென்று ஒரு கிரீடம் இருக்காது. ஓர்பாக் அங்கேயே இருந்து ஒவ்வொரு வேஷமாகப் போட்டுக் கடைசியில் அந்த நாடகத்தின் நாயகனாகவே நடித்தார்.

1960 மே மாதம் 'த ஃபென்டாஸ்டிக்ஸ்' என்ற நாடகம் தொடங்கியது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்திருக்கிறேன். என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னை மன்ஹாட்டனுக்குக் கூட்டிப்போனாள். பெரிய பெரிய விளக்குப் பலகைகளுக்கு நடுவில், ஐம்பதாவது தெருவில் ஒரு சின்ன அரங்கம். அந்த அரங்கத்தின் பெயரே ஜெர்ரி ஓர்பாக் தியேட்டர். அப்போது அவர் யார் என்று எனக்குத் தெரியாது. யாரோ நன்கொடை கொடுத்த முதலாளி போலிருக்கிறது என்றுதான் உட்கார்ந்தேன்.

நாடகம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மேடையில் ஒன்றுமே இல்லை. ஒரு மரமேடை, ஒரு பெட்டி, அட்டையில் வெட்டிய நிலா. வாத்தியம் என்றால் ஒரு பியானோ, ஒரு ஹார்ப், அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று கதை. சுவர் எங்கே? பேசாத ஆள் ஒருவன் வந்து ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதுதான் சுவர். நம் கூத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து நிற்பதும், ஒரே பெஞ்சு சிம்மாசனமாகவும் தேராகவும் ஆவதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அப்பா, உங்க கூத்து மாதிரியே இருக்கு" என்று மகள் காதில் சொன்னாள்.

அந்த நாடகத்தில் எல் காயோ என்று ஒரு பாத்திரம். கதை சொல்பவனும் அவன்தான், கதைக்குள் வந்து கூலிக்குப் பெண்ணைக் கடத்துவது போல் நடிக்கும் கொள்ளைக்காரனும் அவன்தான். சபையோரிடம் நேராகப் பேசுவான், பிறகு கதைக்குள் புகுந்துவிடுவான். கட்டியக்காரன் இல்லாமல் வேறென்ன? 1960-இல் அந்த வேஷத்தை முதன்முதலில் கட்டி, அதன் முதல் பாட்டைப் பாடியவர் ஜெர்ரி ஓர்பாக். அவர் ஒரு கட்டத்தில் விலகி வேறு நாடகத்துக்குப் போனார். நாடகம் நிற்கவில்லை. 2002 ஜனவரியில்தான் முடிந்தது. 17,162 காட்சிகள். நான் பார்த்தது 2006-இல் மறுபடி தொடங்கியதை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூத்தில் துரியோதனன் வரும்போது என்ன நடக்கும்? ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கட்டியக்காரன் முன்னால் நின்று, நீர் யார், எந்த நாடு, எங்கே வந்தீர் என்று கேட்பான். ராஜா பதில் சொல்லச் சொல்லத்தான் சபைக்கு அவர் பெருமை தெரியும். கேட்பவன் சரியாகக் கேட்கவில்லை என்றால் ராஜா எவ்வளவு பெரிய கிரீடம் வைத்திருந்தாலும் எடுபடாது. நடுவில் ஒரு நக்கல் அடித்து, தூங்கும் சனத்தை எழுப்புவதும் இவன் வேலை. எங்கள் வாத்தியார் ராஜவேஷத்துக்கு யாரை வேண்டுமானாலும் போட்டுவிடுவார், கட்டியக்காரனுக்கு மட்டும் ஆள் தேடுவார்.

'லா அண்ட் ஆர்டர்' எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி கோர்ட்டு. முதல் பாதி முழுவதும் பிரிஸ்கோ தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்கிறார். ஓட்டலில் வேலை செய்பவர், கட்டட வாட்ச்மேன், பக்கத்து வீட்டு அம்மாள் என்று ஆளுக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்களைப் பேச வைத்துவிட்டு இவர் அடுத்த இடத்துக்குப் போகிறார். எல் காயோ செய்ததும் இதுதான். பாட்டும் கறுப்புத் தொப்பியும் மட்டும் போய்விட்டன. இதை இறக்கம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்தத் தொடர் நியூயார்க்கிலேயே எடுக்கப்பட்டது. சாட்சி, நீதிபதி, செத்தவனின் மாமியார் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் நாடக நடிகர்கள். பகலில் ஒரு காட்சி நடித்துவிட்டு ராத்திரி மேடைக்குப் போய்விடலாம். நாடகக் கையேட்டில் நடிகர் குறிப்பைப் படித்தால் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொடரில் ஒருமுறை தலைகாட்டியிருப்பார்கள், அதை வைத்துக் கேலியே உண்டு. 1999-இல் பிரிஸ்கோவுக்குக் கூட்டாளிப் போலீஸாக வந்த ஜெஸ்ஸி எல். மார்ட்டின் 'ரென்ட்' இசை நாடகத்தின் முதல் குழுவில் பாடியவர். அதிகாரியாக வரும் எபாத்தா மெர்க்கர்சனும் பிராட்வேயில் டோனிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஆக ஓர்பாக் மேடையை விட்டு எங்கோ ஓடிப்போகவில்லை. மேடைக்காரர்கள் நடுவிலேயே, தன் ஊரிலேயே இருந்தார்.

---

மாங்கொட்டை (காவேரிப்பட்டணம்):

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனிதருக்கு நடந்தது அநியாயம்தான்.

கணக்குப் பாருங்கள். 'ஃபென்டாஸ்டிக்ஸ்' இவர் தொடங்கியது. படமாக எடுத்தபோது அந்த வேஷம் வேறொருவருக்கு. 1975-இல் இயக்குநர் பாப் ஃபாஸி 'சிகாகோ' இசை நாடகத்தைப் போட்டபோது பில்லி ஃப்ளின் என்ற வக்கீல் இவர்தான். கொலை செய்த பெண்ணுக்குக் கோர்ட்டில் எப்படி நடிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் ஜகஜ்ஜால வக்கீல். 2002-இல் படமாக வந்தது, ரிச்சர்டு கியர் ஆடினார், ஊரெல்லாம் கைதட்டியது. அந்த வேஷத்தை முதலில் வடித்தவரை யார் நினைத்தார்கள்? அந்த வருஷம் அவர் டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு பிணத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டிவிக்காரர்களுக்குக் கொடுக்கும் எம்மி விருதுக்குப் பெயர் போனது, கையில் கிடைக்கவே இல்லை.

சினிமா அவரை 'டர்ட்டி டான்ஸிங்' படத்தில் கதாநாயகிக்கு அப்பாவாகப் போட்டது. ஆட்டத்தைப் பற்றிய படம். ஆடத் தெரிந்த மனிதரை ஆடவிடாமல் முறைத்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறார்கள்! இதைவிடக் கொடுமை உண்டா?

டிவி அவருக்குச் சோறு போட்டது, சரி. இறக்கமே இல்லை என்று பூசி மெழுக வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

---

ராத்திரி ஷிப்ட்:

ஐயா, நீங்கள் சொன்ன துரியோதனன் விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. எங்கள் ஊரிலும் பாரதம் நடக்கும், நான் அதைத் தூங்கி வழிந்தே பார்த்திருக்கிறேன்.

மாங்கொட்டை அண்ணா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த அப்பா வேஷத்தைப் படம் பார்க்கும்போது இவர்தான் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம். மேடையிலிருந்து நேராக டிவி போலீஸ் ஆனாரா, இல்லை நடுவில் என்ன நடந்தது? அப்புறம், எனக்கு உடனடியாக வேண்டியது: ஹீரோ பேசும்போது சும்மா நிற்கும் நேரத்தில் அவர் என்னதான் செய்கிறார்? நான் நின்றால் மரம் மாதிரி இருக்கிறது. குறும்படத்தில் என்னைப் பார்த்தால் எனக்கே எரிச்சல்.

---

பென்னாகரத்தார்:

மாங்கொட்டை தம்பிக்கு முதலில். நம் கூத்தில் ஒரு வாத்தியார் நாற்பது வருஷம் கர்ணன் கட்டுவார். அப்புறம் அவர் சிஷ்யன் கட்டுவான். வாத்தியார் பின்பாட்டில் உட்கார்ந்து தாளம் போடுவார். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. ஆனால் அமெரிக்காவில் படத்துக்குத்தான் பேரும் காசும் என்பதால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பா வேஷம் பற்றிய புகாரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்தப் படத்தில் அவர் கடைசியில் தன் எண்ணம் தவறு என்று அந்த ஆட்டக்காரப் பையனிடம் ஒத்துக்கொள்ளும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மூன்று வாக்கியம்தான் பேசுவார். அது வரைக்கும் முறைத்தது வீண்போகவில்லை என்று தெரியும்.

நடுவில் நடந்தது. 1961-இல் 'கார்னிவல்', அதுதான் அவருடைய முதல் பிராட்வே. இயக்கியவர் கோவர் சாம்பியன், தயாரித்தவர் டேவிட் மெரிக். 1968-இல் 'பிராமிசஸ், பிராமிசஸ்', அதற்குத்தான் டோனி. 1975-இல் 'சிகாகோ'. 1980 ஆகஸ்ட் 25 அன்று '42-ஆம் தெரு'. இந்த நாளை மட்டும் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

அதையும் இயக்கியவர் கோவர் சாம்பியன், தயாரிப்பும் அதே மெரிக். ஓர்பாக்குக்கு அதில் நாடக இயக்குநர் வேஷம். முதல் காட்சி அன்று பகலிலேயே சாம்பியன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மெரிக் அதை நடிகர்கள் யாருக்கும் தெரியவிடவில்லை. நாடகம் அமோகம். சபையோர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், திரை மறுபடி மறுபடி ஏறுகிறது. அப்போது மெரிக் மேடைக்கு வந்து, சாம்பியன் இறந்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆடி முடித்த வேர்வையோடு நிற்கும் பிள்ளைகள் அங்கேயே உடைந்து அழுகிறார்கள். படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வேறு. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. திரையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் ஓர்பாக். தன்னை முதன்முதலில் பிராட்வேயில் ஏற்றியவர் செத்த சேதி அவருக்கும் அந்த நிமிஷம்தான் தெரியும். இருந்தும் அந்தப் பிள்ளைகளைக் கூட்டத்தின் பார்வையிலிருந்து மறைக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. மெரிக் செய்தது விளம்பரத்துக்கு என்று அன்றைக்கும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருஷம், 1981-இல், சிட்னி லூமெட்டின் 'பிரின்ஸ் ஆஃப் த சிட்டி' படத்தில் போலீஸ்காரராக வந்தார். போலீஸ் முகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிறகு டிவியில் 'மர்டர், ஷி ரோட்' தொடரில் ஹாரி மெக்ரா என்ற தனியார் துப்பறிவாளர். சனங்களுக்குப் பிடித்துப்போய் அந்தப் பாத்திரத்துக்கே தனித் தொடர் எடுத்தார்கள், ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. 1991-இல் 'லா அண்ட் ஆர்டர்' தொடருக்குள் முதலில் அவர் வந்தது போலீஸாக இல்லை, எதிர்த்தரப்பு வக்கீலாக, ஒரே ஒரு கதையில். 1992-இல் அதில் போலீஸாக நடித்த பால் சொர்வினோ விலகியபோது அந்த இடத்துக்குப் பிரிஸ்கோவாக வந்து உட்கார்ந்தார். 2004 வரைக்கும் எழவில்லை. ஆக நேராகக் குதிக்கவில்லை தம்பி, படிப்படியாகத்தான் வந்திருக்கிறார். வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. நீங்கள் முப்பத்தெட்டுக்கே அலுத்துக்கொள்கிறீர்கள்.

இனி, சும்மா நிற்பது. ஒரு எபிசோடைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு இவர் கையை மட்டும் பாருங்கள். நோட்டுப்புத்தகம் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் எழுத மாட்டார். கேட்டுக்கொண்டே இருப்பார். எதிராளி ஒரு பெயரையோ நேரத்தையோ சொல்லும்போதுதான் பேனா கீழே இறங்கும். சொல்வது பொய் என்று தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். புருவத்தைத் தூக்குவது, உதட்டைப் பிதுக்குவது எதுவும் கிடையாது. பார்க்கிற நமக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். அவர் கூட்டாளி கேள்வி கேட்கும்போது இவர் அறையை நோட்டம் விடுவார். மேசைமேல் இருக்கும் போட்டோ, மூலையில் கிடக்கும் செருப்பு. அடுத்த கேள்வி அதிலிருந்து வரும். கிளம்பும்போது கடைசி வரியைப் பாதி திரும்பிக்கொண்டே சொல்வார், நின்று சொல்ல மாட்டார். நக்கல் அடிக்கும்போதும் தானே சிரிக்க மாட்டார். கட்டியக்காரனுக்கும் அதே விதிதான். நீ சிரித்தால் சனம் சிரிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஃபென்டாஸ்டிக்ஸ்' நாடகத்தில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கிழட்டு நடிகர்கள் எழுந்து வருவார்கள். ஒருவர் வசனம் மறந்துபோன பழைய ராஜபார்ட். மற்றவர் மார்ட்டிமர். அவருக்கு மேடையில் தெரிந்தது ஒன்றே ஒன்று, சாவது. பல வருஷமாகச் செத்துச் செத்தே பிழைத்தவர். அம்பு பட்டு விழுந்து, எழுந்து, மறுபடி தடுமாறி, உருண்டு, ஒரு காலை மட்டும் ஆட்டி, அடங்கிவிட்டார் என்று நினைத்தால் மறுபடி விக்கி, அவர் சாவதற்குள் சபை வயிறு வலிக்கச் சிரித்துவிட்டது. நான் பார்த்த அன்றைக்கு கதாநாயகன், கதாநாயகி யாருக்கும் கிடைக்காத கைதட்டல் அந்தச் சாவுக்குத்தான். அந்த ராஜபார்ட் கிழவர் வேஷத்தை 1960-இல் வேறு பெயரில் கட்டியவர் நாடகத்தை எழுதிய டாம் ஜோன்ஸே. 2006-இல் மறுபடி போட்டபோதும் தொடக்கத்தில் அவரே கட்டினாராம். தானே எழுதிய நாடகத்தில் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தச் சின்ன வேஷத்தை!

---

கெலமங்கலத்துக்காரன் (கெலமங்கலம்):

நடுவில் ஒரு சுவாரசியம். 1971-இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் ஓர்பாக் ரவுடி வேஷம் போட்டார். அது நியூயார்க்கில் உண்மையிலேயே இருந்த ஜோ காலோ என்ற மாஃபியாக்காரரை வைத்து எழுதப்பட்ட பாத்திரம். காலோ ஜெயிலிலிருந்து வந்ததும் தன் வேஷம் கட்டியவரைத் தேடி வந்து பார்த்திருக்கிறார். அடிக்க இல்லை, சிநேகிதம் பிடிக்க! பழக்கம் முற்றி, காலோவின் கல்யாணமே ஓர்பாக் வீட்டில் நடந்தது. சில வாரங்களில், 1972 ஏப்ரலில், பிறந்தநாள் ராத்திரி ஓர்பாக் தம்பதியோடு கிளப்பில் கொண்டாடிவிட்டுப் போன காலோவை ஓர் ஓட்டலில் சுட்டுக் கொன்றார்கள். இருபது வருஷம் கழித்து அதே ஓர்பாக் கொலைக்கேஸ் விசாரிக்கும் போலீஸ். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

அப்புறம், அவர் 2004 டிசம்பரில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தபோது கண்களைத் தானம் செய்திருந்தார், இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது. எங்கள் ஊர் கண்தான முகாமில் பேசக் கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னேன். பிராட்வேயில் அவருக்காக விளக்குகளை மங்க வைத்தார்கள். மாங்கொட்டை, யார் நினைத்தார்கள் என்று கேட்டீர்களே, மேடைக்காரர்கள் நினைத்தார்கள்.

---

மாங்கொட்டை:

விளக்கு சரி. உயிரோடு இருந்தபோது ஒரு எம்மி கொடுத்திருக்கலாம் இல்லையா? அதை விட மாட்டேன்.

ஆனால் ஐயா சொன்ன அந்தத் திரையை இறக்கச் சொன்ன விஷயம், அது எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு சல்யூட்.

---

ராத்திரி ஷிப்ட்:

சத்தத்தை நிறுத்திப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்ன பேனா விஷயம் அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில் எதிராளி நீளமாகப் பேசிக்கொண்டே போகிறார், இவர் ஒரு வார்த்தைகூட எழுதாமல் நிற்கிறார். எனக்கே அந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வேஷத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கேமரா முன்னால் நிற்கும்போது தொப்பி இருக்கும், கையில் லத்தியும் கொடுப்பார்களாம். நோட்டு, பேனா, லத்தி மூன்றையும் எப்படிப் பிடிப்பது? இயக்குநரிடம் கேட்டால் "நீங்க சும்மா நில்லுங்க சார், போதும்" என்கிறார்.

---

பென்னாகரத்தார்:

லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள், நிஜ ஏட்டையாக்கள் அப்படித்தான் நிற்பார்கள். நம்பிக்கை இல்லை என்றால் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நோட்டு இடதுகை உள்ளங்கையில் அடங்க வேண்டும், பெரிய கணக்கு நோட்டு கொடுத்தால் வாங்காதீர்கள், பாக்கெட் நோட்டு நீங்களே வாங்கிப் போங்கள். புதுசாக இருக்கக்கூடாது. ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துப் பழக்குங்கள், ஓரம் மடங்கட்டும், நாலு பக்கம் எதையாவது எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்த நாலு வரியை இங்கே போடுங்கள். கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும், அது தெரியாமல் பேனாவை எங்கே இறக்குவது என்று சொல்ல முடியாது.